குடத்தின் ஓசைக்காக 20,000 ரூபாய்

எங்கள் ஊர் முத்தாரம்மன் கோவில் கொடையில் நடந்த வில்லுப்பாட்டின் பதிவு ஒன்று என் கைப்பேசியில் இருக்கிறது. அன்று மைக் செட் போட்ட அண்ணன் தன் மிக்சரிலிருந்து நேரடியாக எடுத்துக் கொடுத்தது அது. கூட்டத்தின் இரைச்சலும் வெடிச்சத்தமும் கலக்காத நல்ல பதிவு. வீசுகோல் நாணில் விழும்போது வில்லின் மணிகள் சிலிர்ப்பதும், உடுக்கை இறுகித் தளர்வதும், இவை எல்லாவற்றுக்கும் அடியில் குடத்தின் வாயில் மட்டை விழும்போது எழும் கனத்த ஓசையும் அதில் தனித்தனியாகக் கேட்கும். ஹெட்போனில் நான் கேட்டுப் பழகிய அந்தப் பதிவை, செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2012ஆம் ஆண்டுக் காரில் முதன்முதலாகப் போட்டபோது குடம் இருந்த இடமே தெரியவில்லை. மணிகளோ தகரத்தின் மேல் மணலைக் கொட்டியதுபோலக் கரகரத்தன. அந்தக் குடத்தின் ஓசை வண்டிக்குள் வர வேண்டும் என்பதற்காக நான் செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டத்துக்கு வேலைக்குப் போய்வரும் எனக்குத் தினமும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வண்டிக்குள் கழிகிறது. தக்கலையில் நெரிசல் கூடிய நாள்களில் போக்கும் வரவுமாக மூன்று மணி நேரம் ஆகிவிடும். அவ்வளவு நேரமும் கேட்பதை நன்றாகக் கேட்பது ஆடம்பரம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வீட்டுச் செலவு, வண்டிக்கடன் போக இதற்கென்று ஒதுக்க முடிந்தது 20,000 ரூபாய்தான். கடைகளில் இந்தத் தொகையைச் சொன்னதும் முதலில் எடுத்துக் காட்டுவது ஆண்ட்ராய்டு திரை வைத்த கார் ஸ்டீரியோ செட்டைத்தான். அதிலேயே பாதிக்கு மேல் போய்விடும். மீதித் தொகையில் நான்கு கதவுக்கும் நான்கு மலிவான ஸ்பீக்கர்கள் மாட்டிக் கணக்கை முடிப்பார்கள். திரை பெரிதானால் ஒலி மேம்படுவதில்லை. என் வண்டியில் ஏற்கெனவே இருந்த செட்டில் புளூடூத்தும் யூஎஸ்பியும் உண்டு. பின்புறம், தனி ஆம்ப்ளிஃபயருக்குச் சமிக்ஞை எடுக்க உதவும் ஆர்சிஏ வெளியீடுகள் இரண்டு ஜோடியும் உண்டு. ஆகவே செட்டை மாற்றுவதில்லை என்பதை முதலிலேயே உறுதி செய்துகொண்டேன்.

அந்தச் செட்டின் முகப்பில் '50 வாட் × 4' என்று அச்சிட்டிருக்கிறது. இந்த எண்ணை நம்பித்தான் பலரும் தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) தேவையில்லை என்று முடிவு செய்கிறார்கள். ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். வண்டி ஓடும்போது மின்சுற்றில் கிடைப்பது அதிகபட்சம் 14.4 வோல்ட் அளவுதான். செட்டுக்குள் இருக்கும் சிறிய ஆம்ப் சிப் அதை உயர்த்துவதில்லை. எனவே ஒலி அலையின் உச்சம் 14.4 வோல்ட்டைத் தாண்டாது. அதை 1.414ஆல் வகுத்தால் ஆர்எம்எஸ் எனும் பயனுறு மதிப்பு 10 வோல்ட்டும் சொச்சமும் வரும். பத்தைப் பத்தால் பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் 25 வாட். இழப்புகளைக் கழித்தபின் சிதையாமல் கிடைப்பது 20 வாட்டை ஒட்டித்தான் இருக்கும். பேச்சுக்கும் மெல்லிய பாட்டுக்கும் அது போதும். ஒரே அடியில் எழுந்து அடங்கும் குடத்துக்கும் தவிலுக்கும் அது போதாது. செட்டின் ஒலியைக் கூட்டக் கூட்ட அலையின் தலை வெட்டுப்பட்டு, அடி முழுமையாக வராமல் கரகரப்பு மட்டுமே கூடும்.

இதற்கு ஓராண்டு முன்பு ஒரு கடையில் முன்கதவு ஸ்பீக்கர்களை மட்டும் மாற்றியிருந்தேன். ஜூன் மாதத்தில் மழை தொடங்கிய இரண்டு வாரத்தில் வலக்கதவில் ஏதோ உரசும் சத்தம் கேட்கத் தொடங்கியது. கதவின் உள்மூடியான டோர் பேடைக் கழற்றிப் பார்த்தபோது ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு நனைந்து, விளிம்பில் பாசியின் நிறம் ஏறி, விரலால் தொட்டதும் அட்டை போல உரிந்து வந்தது. காந்தத்தைச் சுற்றித் துரு செம்மண்ணாகப் படிந்திருந்தது. மாட்டியவர் வேலை எளிதாக இருக்கட்டும் என்று, உலோகத் தகட்டின் மேல் நிறுவனம் ஒட்டியனுப்பிய பிளாஸ்டிக் உறையைக் கத்தியால் கிழித்து அப்படியே விட்டிருந்தார். கண்ணாடியின் வழியே மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பானது. கதவே அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே இறங்கும் நீர் கதவின் அடியிலுள்ள ஓட்டைகள் வழியாக வடிந்துவிடும். அது உள்பக்கம் வராமல் தடுப்பது அந்த உறைதான். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறிப் பெய்யும் எங்கள் மாவட்டத்தில் அந்த உறையைக் கிழிப்பது வீட்டுக் கூரையில் ஓட்டைப் பிரித்துவிட்டுப் போவதற்குச் சமம். அன்று போன பணம் 3,000 ரூபாய்.

அதனால் இந்த முறை முதல் செலவை ஸ்பீக்கருக்குச் செய்யாமல் கதவுக்குச் செய்தேன். குறைந்த பணத்தில் வேலையைத் தொடங்கும் யாரிடமும் நான் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் தள்ளும் காற்றும் ஒன்றுக்கொன்று எதிரான அலைகள். 80 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த ஒலியின் அலைநீளம் நான்கு மீட்டருக்கு மேல். அவ்வளவு நீண்ட அலை கதவிலுள்ள பெரிய திறப்புகள் வழியாக எளிதில் வளைந்து வந்து முன்னலையோடு சேர்ந்து அதை அழித்துவிடும். குடம் காணாமல் போனதற்குப் பெரிய காரணம் இதுதான். இன்னொரு காரணம் கதவின் தகடு. ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாத கனமுள்ள அந்தத் தகடு ஸ்பீக்கரோடு சேர்ந்து தானும் அதிர்ந்து, பதிவில் இல்லாத ஓசையைச் சேர்த்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு முன்கதவுகளையும் கழற்றத் தொடங்கினோம். மைக் செட் அண்ணனும் உடன் இருந்தார். உள் தகட்டைத் தின்னர் தொட்ட துணியால் இரண்டு முறை துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு முழுவதும் போனபின் 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ஷீட்டை (அலுமினியத் தாளின் அடியில் ஒட்டும் ரப்பர் கொண்டது) ஒட்டி, சிறிய உருளையால் அழுத்தித் தேய்த்தோம். அலுமினியத் தாளின் மேல் இருக்கும் வரிகள் தட்டையாகும்வரை தேய்த்தால்தான் அது தகட்டோடு ஒன்றிப் பிடிக்கும். தகடு அதிரும்போது தாளுக்கும் தகட்டுக்கும் இடையில் சிக்கிய பியூட்டைல் இழுபட்டு, அதிர்வை மிகச் சிறிய வெப்பமாக மாற்றிவிடும். இதற்காகத் தகட்டின் முழுப்பரப்பையும் மூட வேண்டியதில்லை; அதிர்வு கூடிய நடுப்பகுதிகளில் ஒட்டினாலே பெரும்பயன் கிடைத்துவிடும். ஒட்டுவதற்கு முன்பும் பின்பும் கதவை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். முன்பு எண்ணெய் டின்னைத் தட்டியதுபோல ஒலித்தது, பின்பு மரப்பலகையைத் தட்டியதுபோல அடங்கியது. தார்க் கலவையில் செய்த மலிவான ஷீட்களும் கடையில் கிடைக்கின்றன. வெயிலில் நிற்கும் வண்டியில் அவை இளகி நாறும். அவற்றை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

பெரிய திறப்புகளை மூடுவதற்குப் பெயர்ப்பலகை செய்யும் கடை ஒன்றில் மிச்சம் கிடந்த ஏசிபி ஷீட் (அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த பலகை) உதவியது. அளவுக்கு வெட்டி, விளிம்பில் பியூட்டைல் பட்டை வைத்து, திருகாணியால் முடுக்கினோம். கண்ணாடி ஏற்றும் மோட்டார் பழுதானால் திறக்க வேண்டியிருக்கும் என்பதால் நிரந்தரமாக ஒட்டவில்லை. கதவின் அடியிலுள்ள வடிகால் ஓட்டைகளை மட்டும் தொடவே இல்லை. ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் இடையில் வைக்கும் வளையத்தை மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் செய்வது வழக்கம்; ஈரத்தில் அது ஊறிப் பருத்துவிடும். அதற்குப் பதிலாகக் காய்கறி நறுக்கும் தடித்த வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையை வாங்கி வளையமாக அறுத்துக்கொண்டோம். இரண்டு கதவுக்கும் ஷீட் வகையில் ஆன செலவு 2,600 ரூபாய்.

முன்கதவுகளுக்கு ஆறரை அங்குல காம்பொனன்ட் ஸ்பீக்கர் (உயர்ந்த ஒலிக்கான சிறிய ட்வீட்டர் தனியாக வரும் வகை) ஒரு ஜோடி, 4,800 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருந்த உச்ச வாட் எண்ணைப் பார்க்காமல், உள்ளே சிறிய எழுத்தில் இருந்த சென்சிடிவிட்டி அளவைப் பார்த்தேன். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எவ்வளவு ஒலிக்கும் என்பதை அது சொல்கிறது. மூன்று டெசிபல் கூடுதலாக உள்ள ஸ்பீக்கர், இரண்டு மடங்கு வாட் கொடுத்ததற்குச் சமமாக ஒலிக்கும். பணம் குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மூன்று டெசிபல் ஆம்ப்பில் மிச்சமாகும் பணம். பின்கதவுகளுக்கு ஒன்றும் வாங்கவில்லை. பாட்டு நமக்கு முன்னால் இருந்துதான் வர வேண்டும். பின்னால் அமர்பவர்களுக்கும் முன்கதவின் ஒலி போதிய அளவு போய்ச்சேர்கிறது. ட்வீட்டர்களைப் பக்கக் கண்ணாடிக்கு உள்பக்கம் உள்ள முக்கோண மூடியில் பொருத்தினோம். ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸ் முனைகளை உறுதிப்படுத்த ஒன்றரை வோல்ட் செல்லை ஒரு நொடி தொட்டுப் பார்த்தால் போதும். செல்லின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கூம்பு வெளியே வரும். ஒரு பக்கம் மாறிப்போனால் இரு பக்கத்துத் தாழ்ந்த ஒலிகளும் ஒன்றையொன்று தின்றுவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு பணம் கொட்டினாலும் குடம் திரும்பி வராது.

ஆம்ப் வாங்கும்போதுதான் அண்ணனின் அறிவு பெரிதும் துணைநின்றது. ஒரு கடையில் 1,000 வாட் என்று எழுதிய நான்கு சேனல் ஆம்ப்பை 4,000 ரூபாய்க்குக் காட்டினார்கள். அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மக்ளே, எழுத்தப் பாத்து வாங்காண்டாம், ஃபியூஸப் பாத்து வாங்கு" என்றார். பின்புறம் 20 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றுதான் இருந்தது. 20 ஆம்பியரை 14 வோல்ட்டால் பெருக்கினால் 280 வாட்; அது உள்ளே போகும் மின்சாரம் மட்டுமே. கிளாஸ் ஏபி வகை ஆம்ப் அதில் பாதியை வெப்பமாக்கிவிடும் என்று வைத்துக்கொண்டால் ஸ்பீக்கருக்கு வருவது மொத்தமாக 140 வாட். சிஇஏ-2006 என்ற அளவீட்டு முறைப்படி 14.4 வோல்ட்டில், 4 ஓமில், சிதைவு ஒரு விழுக்காட்டுக்குள் இருக்கும்போது கிடைக்கும் வாட்டைத்தான் குறிப்பிட வேண்டும். அந்தக் குறி உள்ள பழைய ஆம்ப், இல்லாத புதிய ஆம்ப்பைவிட நம்பத் தகுந்தது. திருவனந்தபுரத்தில் வண்டியை விற்ற ஒருவரிடமிருந்து 50 வாட் × 4 உள்ள, அந்தக் குறியும் 30 ஆம்பியர் ஃபியூஸும் கொண்ட ஆம்ப் 5,500 ரூபாய்க்குக் கிடைத்தது. முன் இரண்டு சேனல்கள் கதவுகளுக்கு. பின் இரண்டையும் பிரிட்ஜ் செய்தால், அதாவது ஒரே சேனலாக இணைத்தால், தாழ்ந்த ஒலிக்கான சப் ஊஃபருக்கு 4 ஓமில் 150 வாட்.

ஒயரில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கடைகளில் 'கிட்' என்று விற்பவற்றில் பெரும்பாலானவை சிசிஏ, அதாவது அலுமினியக் கம்பியின் மேல் செம்புப் பூச்சு. அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பினுடையதில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். எட்டு கேஜ் செம்புக் கம்பி ஐந்து மீட்டர் நீளத்தில் 25 ஆம்பியரைக் கொண்டுபோகும்போது இழப்பது கால் வோல்ட் அளவு. அதே கனத்தில் சிசிஏ கம்பி 0.4 வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும். அதைவிட முக்கியம், கடலுக்கு அருகில் இருக்கும் எங்கள் ஊர்களில் உப்புக்காற்று பட்ட முனைகள் சீக்கிரம் கெட்டுவிடுகின்றன. செம்பிலும் களிம்பு ஏறும். ஆனால் முனையில் லக் என்ற உலோக வளையத்தை வைத்து நன்றாக நெரித்து, மேலே சூட்டில் சுருங்கும் உறையான ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடினால் அது பல ஆண்டுகள் தாங்கும். பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தோம். ஃபியூஸ் ஆம்ப்பைக் காப்பதற்கு மட்டும் இல்லை. இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே நுழையும் இடத்தில் தகட்டின் விளிம்பு உரசிக் கம்பி ஷார்ட் ஆனால் வண்டி தீப்பற்றாமல் காப்பதும் அதுதான். அந்த இடத்தில் ரப்பர் வளையத்துக்குள்தான் கம்பி போக வேண்டும். எர்த் கம்பியை முக்கால் மீட்டருக்குள் முடித்து, பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் உலோகம் பளபளத்தபின் போல்ட்டால் முடுக்கி, அதன் மேல் வாசலைன் தடவினோம். ஆர்சிஏ ஒயரை வண்டியின் இடப்பக்கமாகவும் பவர் ஒயரை வலப்பக்கமாகவும் கொண்டுபோனதால் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் அந்த 'வீங்' சத்தம் ஒரு துளியும் இல்லை.

சப் ஊஃபர் பெட்டியை ஆசாரியிடம் செய்தேன். பத்து அங்குல ஊஃபர் 3,200 ரூபாய். அதன் குறிப்பேட்டில் 20 லிட்டர் மூடிய பெட்டி கேட்டிருந்தார்கள். உள்ளளவு 35, 34, 17 சென்டிமீட்டர் என்று எழுதிக் கொடுத்தேன். ஓட்டை வைத்த பெட்டி கூடுதலாக முழங்கும் என்றாலும், மூடிய பெட்டியில் அடி விழுந்ததும் உடனே அடங்கும். குடத்துக்கு அந்த அடக்கம் வேண்டும். 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டில் ஆசாரி மூட்டுகளைப் பசை வைத்து முடுக்கி, உள்மூலைகளில் சிலிகான் இழுத்தார். ஊஃபரை மாட்டியபின் கூம்பை மெல்ல உள்ளங்கையால் அழுத்திவிட்டால், காற்று கசியாத பெட்டியில் அது அவசரப்படாமல் மெதுவாக மேலே வரும். முதல் முறை சட்டென்று துள்ளி வந்தது; கம்பி நுழையும் துளையில் கசிவு இருந்தது. சரிசெய்தபின் மெதுவாக எழுந்தது. பலகையும் கூலியும் சேர்த்து 1,600 ரூபாய். ஒயர் வகையில் 2,300. திருகாணி, லக், டேப் என்று சில்லறையாக 650. ஒதுக்கியதற்கு மேல் அந்த 650 ரூபாய்தான் ஆனது.

ஆம்ப்பில் உள்ள கெயின் என்பது ஒலியைக் கூட்டும் குமிழ் என்று நினைத்துத் திருப்புவதால்தான் நல்ல ஸ்பீக்கர்கள் எரிகின்றன. செட் தரும் சமிக்ஞைக்கும் ஆம்ப்பின் திறனுக்கும் பொருத்தம் செய்வதே அதன் வேலை. ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, உயர்ந்த ஒலியையும் தாழ்ந்த ஒலியையும் பிரிக்கும் கிராஸ்ஓவரை அணைத்துவிட்டு, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைச் செட்டின் முக்கால் அளவில் ஒலிக்கவிட்டு, ஆம்ப்பின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தேன். விலை குறைந்த மீட்டர்கள் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் ஏசி வோல்ட்டைச் சரியாகக் காட்டும் என்பதால் அந்த ஒலி. 50 வாட்டை 4 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 14.1 வோல்ட், முன் சேனல்களை அங்கே நிறுத்தினேன். பிரிட்ஜ் செய்த பக்கத்துக்கு 24.5 வோல்ட். பிறகு கதவுகளுக்கு 80 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியை விடும் ஹைபாஸும், ஊஃபருக்கு அதற்குக் கீழுள்ள ஒலியை விடும் லோபாஸும் வைத்தேன். கனத்த ஒலியைச் சுமக்கும் வேலை நீங்கியதும் கதவு ஸ்பீக்கர்களின் குரல் தெளிந்ததை உடனே உணர முடிந்தது.

முதலில் கேட்டது நாகர்கோவில் வானொலியின் 101 பண்பலை. பண்பலையில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி வராது என்றாலும், அறிவிப்பாளரின் குரல் டேஷ்போர்டின் மேல் நின்று பேசியது. சற்று வலப்பக்கம் சாய்ந்து கேட்டது. வலக்கதவு எனக்கு அரை மீட்டர் அருகில் இருப்பதால் அதன் ஒலி ஒன்றரை மில்லிவினாடி முந்திவிடுகிறது. டைம் அலைன்மென்ட் உள்ள செட்டாக இருந்தால் அதைத் தாமதப்படுத்தலாம். என்னுடையதில் இல்லை என்பதால் பேலன்ஸை இரண்டு புள்ளி இடப்பக்கம் தள்ளிச் சமாளித்தேன்.

அன்று மாலை அப்பாவை முன்னிருக்கையில் அமர்த்தி, சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரி வரை ஓட்டிப்போனேன். கொடைப் பதிவைப் போட்டதும் குடம் வந்தது; இருக்கையின் முதுகில் மெல்லத் தட்டியதுபோல வந்தது. அப்பா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது பாட்டின் நடுவில், "குடம் ரொம்பத் தூக்கலா இருக்கு மக்ளே, பாட்டுச் சொல்லு கேக்கல்ல" என்றார். வண்டியை ஓரமாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து, ஊஃபர் பக்கத்துக் கெயினைச் சிறிது சிறிதாகக் குறைத்தேன். பாட்டின் ஒவ்வொரு சொல்லும் தெளிந்து, குடம் அதன் அடியில் அடங்கி நின்ற இடத்தில் அப்பா கையைக் காட்டினார். மீட்டர் சொன்னதற்கு அது நன்றாகவே கீழே இருந்தது. குமிழின் மேல் வெள்ளைப் பெயின்ட்டால் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.